விளையாட்டிடத்தில் எறும்பு, குளவி, கொசு: மருந்து தூவினால் என்ன?

மார்ச் 2 (கேள்வி)

பிள்ளைகள் விளையாடும் இடத்தில், ஊஞ்சல் காலுக்குப் பக்கத்தில் எறும்புப் புற்று. இரண்டு குழந்தைகளுக்குக் கால் முழுக்கத் தடிப்பு. பூச்சிமருந்துப் பொடியைத் தூவிவிட்டு இரண்டு நாள் யாரையும் உள்ளே விடாமல் இருந்தால் வேலை முடிந்தது என்கிறேன். மற்ற பெற்றோர் பயப்படுகிறார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

மார்ச் 2, இரவு (என் பதில்)

மூன்று வருடத்துக்கு முன் இதே காரியத்தைச் செய்தவன் நான். மணல்தொட்டியைச் சுற்றி வெள்ளைப் பொடியால் கோடு போட்டேன். கயிறு கட்டினேன். "மருந்து போட்டிருக்கிறது, வராதீர்கள்" என்று தாள் எழுதி ஒட்டினேன். மறுநாள் காலை போனால், மூன்று வயதுப் பையன் ஒருவன் கயிற்றுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்திருக்கிறான். பொடியையும் மணலையும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் அள்ளிக் கலக்கி, "மாவு" என்று என்னிடமே நீட்டினான்.

படிக்கத் தெரியாதவனுக்குத் தாள் எழுதி ஒட்டிய புத்திசாலி நான்.

கையைக் கழுவி, சட்டையைக் கழற்றி, பொடி வந்த உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். (உறையை மறக்காதீர்கள். அவர் முதலில் கேட்டது அதைத்தான்.) பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டி மணல் முழுவதையும் அள்ளிக் கழித்தோம். எறும்புகள் நான்காம் நாள் இரண்டடி தள்ளிப் புதிதாக மண் தள்ளிக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் கணக்குக்கு வருகிறேன். தெளிக்கும் மருந்து காய்ந்த பிறகு உள்ளே போகலாம் என்று உறையில் போட்டிருப்பார்கள். பொடி காய்ந்து போகிற பொருள் இல்லை. யாராவது அள்ளும்வரை, அல்லது மழை அடித்துக்கொண்டு போகும்வரை அங்கேயே கிடக்கும். பெரியவர்கள் அதன்மேல் செருப்புக் காலோடு நடப்போம். பிள்ளைகள் அதில் உட்காருவார்கள், கையை வாயில் வைப்பார்கள், உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை இழுப்பார்கள். பயப்பட இருப்பது அவ்வளவுதான், அதுவே போதும்.

மார்ச் 3

கேட்க மறந்தேன். என்ன எறும்பு?

மார்ச் 5

"சிவப்பு, சின்னது" என்று பதில் வந்திருக்கிறது. உலகத்தில் பாதி எறும்பு சிவப்பு, சின்னது.

புண்ணைப் பாருங்கள். வெறும் தடிப்பு ஒரு மணி நேரத்தில் அடங்கினால் சாதாரண எறும்பு. மறுநாளுக்குள் வெண்மையாகச் சீழ் வைத்தது போலக் கொப்புளம் எழும்பி, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் வளைவாக நாலைந்து இருந்தால், நெருப்பெறும்பாக இருக்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய வகை அது. தாடையால் தோலைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சுற்றித் திருப்பித் திருப்பிக் கொட்டும். வளைவு அதனால்தான். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓர் அட்டையில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், இன்னோர் அட்டையில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய். இரண்டையும் புற்றிலிருந்து ஓரடி தள்ளி வைத்துவிட்டு அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். எதில் கூட்டம் மொய்க்கிறதோ, இரையை (எறும்பு தின்ன வரும் பொருளில் மருந்தைக் கலந்து வைப்பது) அதில்தான் வைக்க வேண்டும். நெருப்பெறும்பு பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம் போகும். எங்கள் எறும்பு சர்க்கரைக்குத்தான் வந்தது. குடித்த எறும்பின் வயிறு கண்ணாடி மணி மாதிரி உப்பி, வெயில் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நானும்தான்.

மார்ச் 9

சர்க்கரைக்கு வருகிற எறும்பு என்றால்: ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரை, இரண்டு கரண்டி போரிக் அமிலம். பஞ்சில் நனைத்து, மூடியில் சின்னத் துளை போட்ட டப்பாவுக்குள் வைக்க வேண்டும்.

மார்ச் 10

நேற்றுச் சொன்ன அளவு தப்பு. ஞாபகத்திலிருந்து எழுதியது. பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அதில் என் கையெழுத்திலேயே "அளவு அதிகம், டப்பா வாசலிலேயே செத்துக் கிடக்கின்றன" என்று இருக்கிறது.

சரியான அளவு: 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். அதற்கு மேல் வேண்டாம். மருந்து கூடினால் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்போம், இங்கே நேர்மாறு. வெளியே அலைவது வேலைக்கார எறும்பு. அது குடித்ததை வயிற்றில் சேர்த்துக்கொண்டு போய், உள்ளே இருப்பவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டும். முட்டையிடும் ராணி வெளியே வருவதே இல்லை. வேலைக்காரி வழியிலேயே செத்தால் ராணிக்கு எதுவும் போய்ச் சேராது. மெதுவாகக் கொல்வதுதான் இதன் சூட்சுமம்.

போரிக் அமிலம் லேசான பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காலத்தில் கைக்குழந்தைகளின் இடுப்புப் புண்ணுக்கு அதைப் பொடியாகத் தூவி, குழந்தைகள் இறந்திருக்கின்றன. டப்பாவை டேப் போட்டு ஒட்டி, கவிழ்த்த பூந்தொட்டிக்குள் கம்பியால் கட்டி, மேலே கல் வைத்தேன். மாலையில் பிள்ளைகள் போன பிறகு வைப்பேன், காலையில் அவர்கள் வருவதற்கு முன் எடுத்துப் பூட்டி வைப்பேன். பள்ளிக்கூடம், காப்பகம் என்றால் வீட்டுக் கலவையே வேண்டாம், பதிவு பெற்ற இரைப்பெட்டிதான். பல நாடுகளில் விதியும் அதுதான்.

மார்ச் 12

"முதல் நாள் எறும்பு பத்து மடங்காகிவிட்டது, மோசம் போனேன்" என்று எழுதியிருக்கிறார் கேள்வி கேட்டவர். மோசம் போகவில்லை. விருந்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கின்றன. கூட்டத்தை மிதிக்காமல், விரட்டாமல் விடுங்கள்.

மார்ச் 26

இரண்டு வாரத்தில் அவருடைய புற்றில் நடமாட்டம் இல்லையாம். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கொதிநீர் ஊற்றினால் என்ன என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஊற்றிப் பார்த்தவன்தான். ஒரு புற்றுக்குப் பத்து லிட்டர் வேண்டும், அப்படியும் பத்தில் நாலு புற்று தப்பிவிடும் என்பது நெருப்பெறும்பில் செய்து பார்த்தவர்களின் கணக்கு. எனக்குக் கிடைத்தது வட்டமாகக் கருகிய புல்லும், கணுக்காலில் ஒரு சூட்டுக் கொப்புளமும். கொதிக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நடப்பதைவிட எறும்புக் கடியே மேல்.

ஏப்ரல் 4

இன்று ஒரு கொலையைத் தவிர்த்தேன்.

சறுக்குமரத்துக்கு அடியில், மழை படாத உலர்ந்த மண்ணில், புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். முப்பதாவது இருக்கும். புது எறும்புப் புற்று என்று பக்கத்தில் ஒருவர் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குனிந்து பார்த்தால் குழிநரி. குழியானை என்றும் சொல்வார்கள். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மண் சரிந்தது, ஏறப் பார்த்தது, அடியிலிருந்து இரண்டு தாடை மண்ணை வாரி அதன்மேல் இறைத்தது, எறும்பு உருண்டு உள்ளே போயிற்று. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளைகளைக் கடிக்காது, எறும்பைத் தின்னும், வளர்ந்தால் தட்டாம்பூச்சி சாயலில் பறந்துபோகும். நாம் சம்பளம் கொடுக்காமல் வேலைக்கு வைத்திருக்கும் ஆள்.

தெளிப்பான் வீட்டுக்குப் போயிற்று. பிள்ளைகள் இப்போது குச்சியை வைத்துக்கொண்டு குழிநரியை எரிச்சல்படுத்துகிறார்கள், அது வேறு கதை.

அப்புறம், மணல்தொட்டியைப் பயன்படுத்தாத நேரத்தில் தார்ப்பாயால் மூடிவையுங்கள். பூனை அசுத்தம் செய்யாது.

ஏப்ரல் 21

குளவி. சறுக்குமரத்தின் அடிப்பக்கம், குழாய்க் கைப்பிடியின் திறந்த முனை, கூரை வீட்டின் உள்மூலை: கூடு கட்டுவது இந்த மூன்று இடத்தில்தான். நிழல், மழை படாது, ஆள் தலை எட்டாது. பிள்ளை தலை எட்டும், அதுதான் பிரச்சினை.

வாராவாரம் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். சவரக் கண்ணாடியைக் குச்சியில் கட்டி அடியில் நீட்டுவது. தலையை நுழைக்க வேண்டியதில்லை. போன வாரம் கண்ணாடியில் நாலு அறை உள்ள கூடு தெரிந்தது, அதில் ஒரே ஒரு குளவி. அந்த அளவில் இருக்கும்போது அது வெளியே போன நேரம் பார்த்துக் குச்சியால் சுரண்டிவிட்டால் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் ஐம்பது இருக்கும்.

பெரிய கூட்டை நட்டநடு மத்தியானம் துடைப்பத்தால் தட்டிய அனுபவமும் எனக்கு உண்டு. இடது காது இரண்டு நாள் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பெரிய கூடு என்றால் அந்த இடத்தை அடைத்துவிட்டு, கூடு எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அவர் இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டில் அடங்கியதும் வருவார். வேடிக்கை பார்க்கப் போய் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் பாயும். குழாய் முனைகளுக்கு மூடி போட்டுவிட்டோம், அங்கே திரும்ப வரவில்லை.

குப்பைத்தொட்டியையும் பெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தினோம். மூடியில்லாத தொட்டி, உள்ளே இனிப்புப் பானம் ஒட்டிய குப்பி, மேலே குளவி. மருந்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு மூடி வாங்கியிருக்கலாம்.

ஏப்ரல் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாராவது தேனீக் கூட்டத்திடம் போகப்போகிறார்கள் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தேனீ வேறு, குளவி வேறு. மரக்கிளையில் திடீரென்று திராட்சைக் கொத்து மாதிரி தொங்கினால், அது புது வீடு தேடும் தேனீக் கூட்டம். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானே கிளம்பிவிடும். பிள்ளைகளை மட்டும் அப்புறப்படுத்துங்கள். போகவில்லை என்றால் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நின்றுவிடும். கிள்ளி எடுக்கக் கூடாது, அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எப்படி எடுத்தாலும் வீக்கத்தில் வித்தியாசம் இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம். அட்டையைத் தேடி வீட்டுக்குள் ஓடும் நேரத்தில் நகத்தால் எடுத்துவிடலாம். எடுத்ததும் அங்கிருந்து நகருங்கள். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனையில் ஒன்று கிளம்பும், மற்ற தேனீக்களுக்கு அது அழைப்பு.

உதடு, முகம் வீங்கினால், மூச்சு இரைத்தால், உடம்பு முழுக்கத் தடித்தால், குழந்தை துவண்டால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நேராக மருத்துவமனை.

மே 30

நீல விளக்கு மாட்டினால் கொசு எல்லாம் பொரிந்துவிடும் என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். தட்டு நிறையப் பூச்சி. நண்பரே, அந்தத் தட்டில் கொசு எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் எண்ணியிருக்கிறார்கள். 1996-ல் வெளியான கணக்கு: விளக்கில் செத்த பூச்சி 13,789. அதில் ஆளைக் கடிக்கிறவை 31. மீதி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த, ஆளைக் கடிக்காத பூச்சிகள்.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டியும் அப்படித்தான். திறந்த வெளியில் செய்த 10 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் கொசுக்கடி குறையவே இல்லை.

உட்காரும் இடத்தில் மின்விசிறி வையுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கிற ஜந்து, காற்றில் நிற்காது. சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்யும்.

ஜூன் 11

மழை ஆரம்பம். டயர் ஊஞ்சலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கை அளவுக்குத்தான் தண்ணீர். அதில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வாலை நீர்மட்டத்தில் ஒட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. என் தலை நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒன்றாக நெளிந்து அடியில் இறங்கின. ஒரு நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிள்ளைகள் தினமும் உட்கார்ந்து ஆடுவது இதற்கு மேல்.

முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்துக் கொட்டினால் போதும். இந்த ஊஞ்சலைக் கவிழ்க்க முடியாது. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு நாலு ஓட்டை போட்டோம். டயருக்குள் கம்பி ஓடும், துளைக்கும்போது அறுந்து முள்ளாக நிற்கும். ஓட்டை போட்டதும் விரலால் தடவிப் பார்த்து, வெட்டி, ராவிவிடுங்கள்.

ஜூன் 15

இரண்டு திருத்தம்.

ஒன்று: "கொட்டினால் போதும்" என்றது தவறு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். கொட்டிவிட்டுப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

இரண்டு: ஏப்ரலில் தார்ப்பாய் போடச் சொன்னேன் அல்லவா. நேற்று அந்தத் தார்ப்பாயின் மடிப்பில் கொசுப்புழு. பூனைக்கு வைத்த மூடி, கொசுவுக்குத் தொட்டில். இப்போது நடுவில் ஒரு கழியை நட்டுக் கூடாரம் மாதிரி சரிவாகப் போட்டிருக்கிறேன், தண்ணீர் நிற்பதில்லை.

ஜூன் 16

"புகை அடித்தார்களே, பிறகு ஏன் கொசு?" என்று கேட்டால்: புகை அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு அது சங்கதியே இல்லை. கொட்ட முடியாத குட்டை, வடிகால் என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-ல் கண்டெடுத்தது. கொசுப்புழு அதைத் தின்று சாகும். மனிதருக்கும் மீனுக்கும் ஆபத்தில்லை. ஆனால் கூட்டுப்புழுவாக மாறிவிட்டால் அது எதையும் தின்னாது, மருந்தும் பலிக்காது. தாமதிக்காமல் போட வேண்டும்.

ஜூலை 8

"இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது" என்ற வரி இங்கே மூன்று முறை வந்துவிட்டது. வேப்பெண்ணெய் மரத்திலிருந்துதான் வருகிறது, கைக்குழந்தை குடித்தால் வலிப்பு வரை போகும். டயாட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான தூள்) நஞ்சில்லை, பூச்சியின் மேல்தோலைக் கீறி உலர்த்திக் கொல்லும். ஈரமானால் வேலை செய்யாது, உலர்ந்தால் தூசாகப் பறந்து பிள்ளையின் மூக்குக்குள் போகும். விளையாடும் இடத்தில் இரண்டுமே தோல்வி.

அந்துருண்டையைப் பற்றி எனக்குக் கோபமே வரும். யாரோ சறுக்குமரத்துக்கு அடியில் பாம்புக்கும் பூச்சிக்கும் என்று நாலு போட்டிருந்தார்கள். வெள்ளையாக, உருண்டையாக, மிட்டாய் மாதிரி. நாஃப்தலீன் உருண்டையை விழுங்கினால் சில குழந்தைகளுக்கு (ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களுக்கு) ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பித்துவிடும். குறை இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. எறும்புச் சாக்பீஸும் அதே ரகம். எழுதுகிற சாக்பீஸ் மாதிரியே இருக்கிற பூச்சிமருந்து, அதைத் தரையில் படம் வரைகிற வயதுக் கைகளுக்குப் பக்கத்தில். யோசித்தவரை யோசித்துப் பார்க்கிறேன், புரியவில்லை.

ஜூலை 9

நேற்றுக் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். அந்துருண்டை போட்டவர் என் மாமனார் என்பது இன்று காலை தெரியவந்தது.

ஆகஸ்ட் 3

உண்ணி, தேள், பூரான் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். முதலாவது, அவை பூச்சி இல்லை, பூச்சிக்குக் கால் ஆறுதான். சரி, கடிபட்டவனிடம் கால் கணக்குச் சொல்ல முடியாது. உண்ணி உயர்ந்த புல்லிலிருந்தும் புதரிலிருந்தும் ஏறும். புதருக்கும் விளையாடும் இடத்துக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு ஜல்லியோ மரச்சீவலோ போட்டால் குறையும். தேளும் பூரானும் கல், கட்டைக் குவியலுக்குள் இருக்கும். குவியலை எடுங்கள்.

கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை வைத்து அழுத்தி உரித்தால் மயிர் கூடவே வந்துவிடும்.

செப்டம்பர் 14

கறையானுக்குப் பயந்து பழைய மரச் சறுக்குமரத்தை வாங்கி வைக்கலாமா, அந்தக் காலத்து மரம் அரிக்காதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏன் அரிக்கவில்லை என்று கேளுங்கள். பச்சை சாயல் அடிக்கும் பழைய மரம் என்றால், செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். 1930-களில் சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி கண்டுபிடித்தது, மரத்தைப் பல பத்தாண்டுகள் காக்கும். ஆனால் மேற்பரப்பிலிருந்து ஆர்செனிக் கைக்கு வரும். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் அதை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே நிற்பதை மாற்ற முடியாவிட்டால் வருடா வருடம் மேலே பூச்சு அடியுங்கள், விளையாடி வந்ததும் கையைக் கழுவவையுங்கள். உடைத்தால் எரிக்காதீர்கள், சாம்பலில் அத்தனையும் இருக்கும்.

செப்டம்பர் 27

எங்கள் ஊஞ்சலின் காலடியில் புதுப் புற்று. கண்டுபிடித்து வந்து சொன்னவன் அன்று எனக்கு மாவு நீட்டிய அதே பையன், இப்போது ஆறு வயது.

"மாமா, இது கடிக்கிற எறும்பு இல்ல."

"எப்படிடா தெரியும்?"

"விரல வச்சுப் பாத்தேன்."

அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். சர்க்கரையா எண்ணெயா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.